ஏற்கெனவே வெளிவந்த எழுத்துகளோடு ஒப்புமை 28 சதவீதம் என்று ஆய்விதழ் கட்டுரையைத் திருப்பி அனுப்பினால், என்னைத் திருடன் என்று முடிவு செய்துவிட்டார்களா?

இல்லை. முனைவர் பட்டத்துக்கான முதல் கட்டுரையை அனுப்பியவர் நீங்கள் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன். இதே கேள்வியோடு நானும் பல இரவுகள் உறங்காமல் இருந்திருக்கிறேன்.

சேலத்தில் ஆய்வு மாணவியாக இருந்தபோது, ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களின் மண்ணைப் பற்றி நான் எழுதிய கட்டுரை 31 சதவீத ஒப்புமையோடு திரும்பி வந்தது. பல இதழ்கள் வந்த கட்டுரையை முதலில், ஒத்த வரிகளைத் தேடும் ஐதென்டிகேட் மென்பொருளில் இட்டுப் பார்க்கின்றன. ஆய்வுப் பதிப்பகங்களின் கூட்டமைப்பான கிராஸ்ரெஃப் 2008 முதல் பதிப்பகங்களுக்கு இந்த வசதியை அளித்து வருகிறது. ஒத்த வரிகளை மூலத்துக்கொரு நிறமாக அது காட்டுமே தவிர, தீர்ப்புச் சொல்லாது. எனது அறிக்கையில், வாக்லி-பிளாக் முறைப்படி கரிமக் கார்பனை அளந்ததைச் சொல்லும் பத்தி முழுவதும் நிறமேறியிருந்தது. டைகுரோமேட், கந்தக அமிலம் என்று எல்லோரும் அதே வரிசையில்தான் எழுத முடியும் என்பதால், இதழாசிரியர் அதைப் பொருட்படுத்தவில்லை. அவர் சுட்டியது, சேர்வராயன் மலையின் சார்னோகைட் பாறைகளைப் பற்றி முன்னுரையில் இருந்த ஆறு வரிகளைத்தான். எப்போதோ நூலகத்தில் குறிப்பேட்டில் பார்த்தெழுதி, எங்கிருந்து எடுத்தேன் என்று குறிக்காமல் விட்டதால், அவை என் சொற்கள் என்றே நம்பியிருந்தேன்.

களவுக்குச் சாக்குச் சொல்கிறேன் என்று யாரேனும் நினைக்கலாம். அது என் தவறுதான். மன்னிப்புக் கேட்டு, மூலத்தைக் காட்டி, அந்த வரிகளை மாற்றி எழுதி அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள். பதிப்பு நெறிகளுக்கான கோப் குழுவின் வழிகாட்டுதலும் அதுவே: சிறு அளவு என்றால் திருத்தச் சொல்வார்கள், பெரும்பகுதியோ தரவோ பிறருடையது என்றால் விளக்கம் கேட்பார்கள், அது நிறைவளிக்காவிட்டால் கட்டுரையை நிராகரித்து, உங்கள் நிறுவனத்துக்கும் எழுதக்கூடும்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளில் 10 சதவீதம் வரை தண்டனை இல்லை என்பதைப் பிடித்துக்கொண்டு, எண்ணைக் குறைத்தால் போதும் என்று பலர் நினைப்பதுதான் என் ஆற்றாமை. கல்லூரி வாசல்களில் ‘சதவீதம் குறைத்துத் தரப்படும்’ என்று பலகை வைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு கடையில் பணம் கொடுத்துத் திருத்திய ஆங்கிலக் கட்டுரையை ஒரு மாணவர் என்னிடம் கொண்டுவந்தார். ‘சாயில்’ என்ற சொல் இருந்த இடமெல்லாம் ‘டர்ட்’ ஆகியிருந்தது, ‘ஆர்கானிக் கார்பன்’ என்பது ‘நேச்சுரல் கார்பன்’ ஆகியிருந்தது. ஒப்புமை 6 சதவீதம்தான். ஆனால் படித்துப் பார்க்கும் எந்த மதிப்பாய்வாளரும் முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். நீங்கள் அந்தக் கடைக்குப் போகாதீர்கள். அறிக்கையை வரிவரியாகப் படித்து, எது எங்கிருந்து வந்தது என்று இதழாசிரியருக்கு நேரே எழுதுங்கள்.