தமிழ்நாட்டில் மின்கட்டணத்தை முடிவு செய்வது யார்?

அரசும் இல்லை, மின்வாரியமும் இல்லை. 1999-இல் அமைந்த தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். வாரியம் கணக்கோடு மனு போடும். ஆணையம் மக்களிடம் கருத்துக் கேட்டு ஆணையிடும். விற்பவரே விலை வைத்தால் கேட்க ஆளில்லை, அரசு வைத்தால் தேர்தல் குறுக்கே வரும். அதனால்தான் இந்த நடுவர். (ஏட்டளவில் என்று சேர்த்துக்கொள்ளுங்கள்: 2014 டிசம்பருக்குப் பிறகு 2022 செப்டம்பரில்தான் கட்டணம் உயர்ந்தது.)

நடுவரை வைத்த இந்தச் சீர்திருத்தத்தை எடைபோட, ஒரு யூனிட்டுக்கு ஆகும் செலவு கட்டணமும் மானியமுமாகத் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். மகளிர் கட்டணமில்லாப் பேருந்து மாதிரிதான்: பயணி தராத காசை அரசு தரவேண்டும்.

'இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், நஷ்டம் வாரியத்துக்கு' என்பது தவறு. 2003 மின்சாரச் சட்டத்தின் 65-ஆம் பிரிவுப்படி அந்தத் தொகையை அரசு முன்கூட்டியே செலுத்தவேண்டும்.