எஸ்.ஐ. பயிற்சியில் மாதிரி குற்ற இடம் அமைத்துப் பழக்குவதால் பயன் உண்டா? எப்படி நடத்த வேண்டும்?

உண்டு, அதைத் தடயம் தேடும் விளையாட்டாக ஆக்காதவரை. பொம்மைப் பிணம், கத்தி, சிவப்புச் சாயம், கத்தியை முதலில் பார்த்தவருக்குக் கைத்தட்டல் என்று முடித்துவிட்டால் அது பொழுதுபோக்குதான். கத்தி கையில் இருந்தும் அதை எடுத்த விதமும் மகஜரில் (சாட்சிகள் முன் எழுதும் கைப்பற்றல் பதிவில்) எழுதிய விதமும் ஒத்துப்போகாமல் வழக்கு ஆட்டம் காண்பதுண்டு. பழக்க வேண்டியது, எடுப்பதும் எழுதுவதும் ஒத்துப்போவதை.

10க்கு 12 அடி அறை ஒன்று போதும். அணிக்கு 6 பேர்: விசாரணை அதிகாரி, மகஜர் எழுதும் ரைட்டர், புகைப்படம் எடுப்பவர், மாதிரி வரைபடம் போடுபவர், தடயம் எடுத்துக் கட்டுபவர், வாசலில் நின்று யார் எத்தனை மணிக்கு உள்ளே போனார்கள் என்று குறிப்பவர். பயிற்றுநர் ஒவ்வொரு பொருளையும் வைத்தவுடன் சுவரிலிருந்து தூரம் அளந்து படம் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் பிறகு வரைபடத்தைத் திருத்தும்போது அவருக்கே விடை தெரியாது. கதவருகே தரையில் ஒரு பஸ் டிக்கெட்டைப் போட்டு வையுங்கள். வேர்க்கிறது என்று ஃபேன் சுவிட்சைத் தட்ட யாராவது ஒருவர் இருப்பார். டிக்கெட் கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 105-ஆம் பிரிவின்படி, சோதனையையும் கைப்பற்றலையும் வீடியோ எடுக்க வேண்டும். பட்டியல் எழுதுவதும் சாட்சிகள் கையெழுத்துப் போடுவதும் அதில் அடங்கும். செல்போனே போதும். சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். பொருளை எடுத்த பிறகு பதிவைத் தொடங்குவார்கள். பாதியில் மெமரி நிறைந்துவிடும். கையெழுத்துப் போடும் கை படத்தில் இருக்கும், முகம் இருக்காது. மகஜரில் 10.30 என்றும் வீடியோவில் 10.50 என்றும் இருந்தால் அந்த 20 நிமிடத்தைக் குறுக்கு விசாரணையில் யார் விளக்குவது? அதனால் தொடங்கும் முன் எல்லோருடைய கடிகாரத்தையும் செல்போன் நேரத்துக்குச் சரிசெய்வதும் பயிற்சியில் சேர்த்திதான்.

இடையூறுகளை நேரம் குறித்து அனுப்புங்கள்: 5-ஆம் நிமிடம் அழுதபடி உள்ளே ஓடிவரும் உறவினர், 15-ஆம் நிமிடம் "நான் கவுன்சிலர்" என்று கயிற்றைத் தாண்டுபவர். ஒரே நேரத்தில் இரண்டையும் விட்டால் கூச்சல்தான் மிஞ்சும். நடிப்பவர்களுக்கு எல்லை சொல்லிவிட வேண்டும். மேலே கை வைக்கக் கூடாது. "நிறுத்து" என்று யார் சொன்னாலும் எல்லாம் நிற்க வேண்டும். நிஜத் துப்பாக்கியும் தோட்டாவும் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே வரக் கூடாது.

ரத்தம் தோய்ந்த துணியை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டால் மதிப்பெண்ணைக் குறையுங்கள். நிஜத்தில் பூஞ்சை பிடித்து மாதிரி கெட்டுவிடும். நிழலில் உலர்த்தி, காகித உறையில் போட்டு, சீல் வைக்க வேண்டும்.

பயிற்சி 40 நிமிடம் என்றால், பிறகு உட்கார்ந்து பேச ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பயிற்றுநர் முதலில் வாயைத் திறக்கக் கூடாது. வீடியோவை ஓட்டி, ரைட்டர் எழுதிய மகஜரை வரி வரியாக வாசிக்கச் சொன்னால் தவறுகளை அவர்களே சொல்லிவிடுவார்கள். அடுத்த அணிக்கு அறையை மாற்றி வையுங்கள். சாப்பாட்டுக் கூடத்தில் விடை கசிந்திருக்கும்.