தங்க நிறப் பூச்சும் ஆயிரம் அடுக்கும்: கேள்வி பதில்

ஹற்றனில் கருவி தீட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். கடினப் பூச்சு பற்றிக் கேளுங்கள் என்றதும் வந்த கேள்விகள் இவை.

கொட்டகலை, லேத் வேலை: அண்ணே, துளைக்கிற பிட்டுல தங்கக் கலர்ல பூசியிருக்காங்களே, சும்மா பகட்டுக்கா?

இல்ல தம்பி. அது டைட்டேனியம் நைட்ரைட், அதோட நிறமே அப்படி. கனம் இரண்டு மூன்று மைக்ரோமீற்றர்தான். கடினம் 20 கிகாபஸ்கால் அளவு. பிட் செய்த உருக்கு அதில் பாதிகூட வராது.

பண்டாரவளை, உயர்தர மாணவி: சேர், அதையும் வனேடியம் நைட்ரைட்டையும் மாறி மாறி அடுக்கினால் இரண்டையும் விடக் கடினமாகும் என்று வாசித்தேன். சராசரிதானே வர வேண்டும்?

நல்ல சந்தேகம் தங்கச்சி. 1987இல் சுவீடன், அமெரிக்க ஆய்வாளர்கள் அடுக்கிப் பார்த்தார்கள். ஒரு ஜோடி அடுக்கின் கனம் 5.2 நனோமீற்றராக (மைக்ரோமீற்றரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் நனோமீற்றர்) இருந்தபோது கடினம் சதுர மில்லிமீற்றருக்குச் சுமார் 5560 கிலோ, அதாவது ஏறத்தாழ 55 கிகாபஸ்கால். தனி டைட்டேனியம் நைட்ரைட்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல்!

ஏன் என்று கேட்டால், மழையில் நனைந்த பெரிய படங்கை முற்றத்தில் இழுத்துப் பாருங்க, அசையாது. ஒரு ஓரத்தில் சுருக்கம் எழுப்பி, அதைத் தள்ளிக்கொண்டே போனால் படங்கு நகர்ந்துவிடும். இந்தப் பூச்சு மாதிரி அணுக்கள் வரிசையாக அடுக்கிய பளிங்கு நசுங்குவதும் அப்படித்தான். அணு வரிசையில் ஒரு பிசகு ஓடுகிறது. அதை மறித்தால் பொருள் கடினமாகும். விறைப்புக் குறைந்த அடுக்கில் பிசகு இருக்கச் சக்தி குறைவாகச் செலவாகும். பக்கத்து விறைப்பான அடுக்குக்குள் ஏற அதிகம் வேண்டும், அதனால் எல்லையிலேயே முட்டி நிற்கும். 1970இலேயே கோலர் என்பவர் இதைக் கணக்குப்போட்டுச் சொல்லியிருந்தார். விறைப்பு ஒத்த இரண்டை அடுக்கினால் பெரிய பலன் இல்லாததும் இதனால்தான். 3 மைக்ரோமீற்றர் பூச்சுக்குள் இப்படி ஆயிரத்துக்கு மேல் எல்லைகள். ஒவ்வொன்றும் ஒரு சோதனைச் சாவடி.

மஸ்கெலியா: அப்ப இன்னும் மெல்லிசாக்கினா?

கெட்டுப்போகும். ஓரிரு நனோமீற்றருக்கு வந்தால் எல்லையில் அணுக்கள் கலந்துவிடும், பிசகும் லேசாகத் தாண்டிவிடும். தடித்தாலும் ஆகாது, அடுக்குக்குள்ளேயே பிசகு ஓட இடம் கிடைத்துவிடும்.

நுவரெலியா: இவ்வளவு மெல்லிய அடுக்கை எப்படிப் போடுறாங்க?

வெற்றிட அறையில், கொஞ்சம் நைதரசன் விட்டு. ஒரு பக்கம் டைட்டேனியத் தட்டு, மறுபக்கம் வனேடியம்; நடுவில் கருவி சுழலும். எந்தத் தட்டின் முன்னால் வருகிறதோ அதன் அடுக்குப் படியும். எவ்வளவு வேகமாகச் சுழல்கிறதோ அவ்வளவு மெல்லிய அடுக்கு.

டிக்கோயா: எங்க கவ்வாத்துக் கத்திக்குப் பூசலாமா சேர்? தீட்டித் தீட்டியே கை ஓயுது.

உங்க கஷ்டம் விளங்குது, ஆனா வேண்டாங்க. பூசும்போது கத்தி சாதாரணமாக 400, 500 பாகை வரை சூடேறும். பிட் உருக்கு அதைத் தாங்கும். கத்தியின் கார்பன் உருக்குப் பதம் இறங்கிவிடும். பிறகு மேலே எவ்வளவு கடினம் இருந்தும் என்ன, சோற்றின் மேல் அப்பளத்தை வைத்து அமுக்கின மாதிரி நொறுங்கும். போதாததுக்கு, முதல் தரம் கல்லில் தீட்டினதுமே விளிம்பில் பூச்சு போயிடும்.

கொட்டகலை, மறுபடியும்: அப்ப பிட்டைத் தீட்டினாலும் போயிடுமே அண்ணே?

நுனியில் போகும். சுருள் பள்ளத்தில் அப்படியே இருக்கும், சீவல் அதன்மேல்தான் வழுக்கி வெளியே வரும். தூக்கி எறிஞ்சிடாதீங்க, தீட்டக் கொண்டு வாங்க.