குதிரை இனங்களும் மரபணுவும்: கேள்வி பதில்

எல்லாம் குதிரைதானே? இனத்துக்கு இனம் மரபணுவில் அப்படி என்ன வேறுபாடு?

மொத்தமாகப் பார்த்தால் கொஞ்சம்தான். குதிரையின் மரபுத்தொகுதி, அதாவது அதன் டிஎன்ஏ முழுவதும், சுமார் 270 கோடி வேதி 'எழுத்துகள்' கொண்டது. அதை, தரோபிரெட் என்ற பந்தயக் குதிரை இனத்தைச் சேர்ந்த ட்விலைட் என்ற பெண் குதிரையிடமிருந்து எடுத்துப் படித்து 2009இல் வெளியிட்டார்கள். மற்ற இனங்களை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம். வேறுபாடு கொஞ்சம்தான் என்றாலும் அது விழும் இடம் முக்கியம். ஓர் எழுத்து மாறினால் நடையே மாறிவிடும்.

ஓர் எழுத்தில் நடை மாறுமா? நம்ப முடியவில்லை, ஐயா.

ஐஸ்லாந்துக் குதிரையைப் பாருங்கள். குதிரை பெருநடை போடும்போது இடது முன்னங்காலும் வலது பின்னங்காலும் சேர்ந்து எழும். ஐஸ்லாந்துக் குதிரைகள் சிலவற்றுக்கு ஒரே பக்கத்துக் கால்கள் இரண்டும் சேர்ந்து எழும்; அதை 'ஸ்கெய்த்' என்பார்கள். 'தோல்ட்' என்று இன்னொரு நடையும் உண்டு. நிரம்பிய குவளையைக் கையில் பிடித்துக்கொண்டு, சிந்தாமல் சவாரி செய்து காட்டுவார்கள். அவ்வளவு குலுங்காத நடை!

காரணம் 2012இல் தெரிந்தது. டிஎம்ஆர்டி3 என்ற மரபணுவில் 'சி' இருக்க வேண்டிய இடத்தில் 'ஏ' வந்துவிட, புரதம் முழுதாக உருவாகாமல் இடையிலேயே நின்றுபோகிறது. தண்டுவடத்தில் கால்களை ஒத்திசைய வைக்கும் நரம்பணுக்களுக்கு அந்தப் புரதம் வேண்டும். ஸ்கெய்த் வருவதற்குத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் இந்த 'ஏ' வந்திருக்க வேண்டும். அப்புறம் பழக்குபவரின் உழைப்பும் வேண்டும்.

எங்கள் வெள்ளைக் குதிரைக்கு 16 வயது. வாலடியில் கோலிக்குண்டு மாதிரி கட்டிகள். பரம்பரையா?

கறுப்பாகவோ பழுப்பாகவோ பிறந்து, வயது ஏற ஏற வெளுத்த குதிரை என்றால், ஆம், பரம்பரைக்குப் பங்கு உண்டு. எஸ்டிஎக்ஸ்17 மரபணுவில் 4,600 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு இரட்டித்திருப்பதால்தான் முடி நரைக்கிறது. அதுவே தோலின் நிறமி அணுக்களைப் பெருகவும் தூண்டுகிறது. இப்படி வெளுத்து 15 வயதைத் தாண்டிய குதிரைகளில் பாதிக்கு மேல் இந்தக் கட்டி வரும். பெரும்பாலும் மெதுவாகத்தான் வளரும், ஆனால் உள்ளுறுப்புகளுக்குப் பரவுவதும் உண்டு. தயவுசெய்து தள்ளிப்போடாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பந்தயத்தில் ஜெயிக்கும் மரபணுவைக் கண்டுபிடித்துவிட்டார்களாமே?

இல்லை. தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மையோஸ்டாட்டின் மரபணுவைப் பார்த்து ஒரு தரோபிரெட் குறுந்தூரத்துக்குப் பொருந்துமா, நெடுந்தூரத்துக்கா என்று ஓரளவு சொல்லலாம், அவ்வளவுதான். எனக்கு அதைவிடப் பெரிய கவலை, அந்த இனத்தின் ரத்தம் குறுகிக்கொண்டே போவது. இன்றைய ஆண் தரோபிரெட்டுகளில் மிகப் பெரும்பாலானவை தந்தை வழியில் டார்லி அரேபியன் என்ற ஒரே குதிரையில் போய் முடிகின்றன. வெளி ரத்தம் சேர்க்க வழியில்லாத வம்சப் பதிவேடு. அடுத்த தலைமுறைக்கு மிச்சம் இருக்கும் பன்முகத்தன்மையைக் காப்பாற்றியே ஆக வேண்டும்.

சோதனைக்கு ரத்தம் எடுக்க வேண்டுமா?

பெரும்பாலும் முடியே போதும். பிடரியிலிருந்து 20, 30 முடிகளை வேரோடு பிடுங்குங்கள். நுனியில் குண்டாக ஒரு முடிச்சு தெரியும், டிஎன்ஏ அதில்தான் எடுப்பார்கள். கத்தரியால் வெட்டி அனுப்பினால் பயன்படாது. குட்டி என்றால் பிடரி மயிர் ரொம்ப மெலிசாக இருக்கும், வாலில் எடுங்கள்.