சோசலிசம் பேசும் மகளை அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பலாமா? ஒரு தந்தையின் கேள்விக்குப் பதில்

வணக்கம் ஐயா.

பிளஸ் டூ முடித்த மகளுக்கு அமெரிக்காவில் பொருளாதாரம் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. வாயைத் திறந்தால் அமெரிக்க இடதுசாரித் தலைவர்களான சாண்டர்ஸ், மம்தானி, சோசலிசம் என்கிறாள். இதனால் விசாவுக்கு வம்பு வருமா, இந்தப் படிப்பு சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சோசலிசத்தைப் பாடமாகப் படிப்பதால் விசா போகாது. வேலை குறித்த உங்கள் பயம் நியாயமானது. ஆனால் அதைத் தீர்மானிப்பது அவள் பேசும் அரசியலைவிட, மாணவ விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் அச்சாகும் ஆறு இலக்க எண்தான். அந்த எண்ணுக்குப் பிறகு வருகிறேன். அவள் என்ன படிக்கப்போகிறாள் என்று தெரிந்தாலே பாதிப் பயம் குறையும்.

மேடைப் பேச்சை மட்டும் கேட்டால் அமெரிக்காவில் புரட்சி வாசலில் நிற்பதுபோல் இருக்கும். மசோதாக்களை வாசித்தால் கதையே வேறு. தன்னை எலும்புவரை முதலாளித்துவவாதி என்று சொல்லிக்கொண்ட செனட்டர் எலிசபெத் வாரன் 2018இல் ஒரு மசோதா கொண்டுவந்தார். ஆண்டு வருவாய் 100 கோடி டாலரைத் தாண்டும் நிறுவனங்களில் இயக்குநர் குழுவின் 40 சதவீத இடங்களைத் தொழிலாளர்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றது அது. தன்னை ஜனநாயக சோசலிஸ்ட் என்று அழைத்துக்கொள்ளும் பெர்னி சாண்டர்ஸ் 2019இல் வெளியிட்ட திட்டத்தில் கேட்டது 45 சதவீதம். ஐந்து சதவீதத்துக்கா இத்தனை கூச்சல் என்று தோன்றும். பெரிய நிறுவனங்கள் தங்கள் பங்குகளில் 20 சதவீதத்தைப் படிப்படியாகத் தொழிலாளர்களுக்குத் தர வேண்டும் என்றும் சாண்டர்ஸ் கேட்டார். பிரிவு அங்கேதான் இருக்கிறது. வாரன் முதலாளித்துவத்துக்குக் கடிவாளம் போடுகிறார், சாண்டர்ஸ் சொத்தில் ஒரு பங்கைக் கைமாற்றச் சொல்கிறார்.

இந்தத் துறையில் எதை வாசித்தாலும் உங்கள் மகள் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்கப் பழக வேண்டும்: சொத்து யாருடையது, விதி யார் போடுவது, பணம் யார் தருவது. அமெரிக்க மருத்துவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனைகள் அரசுக்கே சொந்தம், டாக்டர்களும் அரசு ஊழியர்கள். 1965இல் முதியோருக்காக வந்த மெடிகேரில் காப்பீடு அரசினுடையது, வைத்தியம் பெரும்பாலும் தனியாரிடம். ஒபாமா ஆட்சியில் வந்த 2010ஆம் ஆண்டு மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் காப்பீடும் தனியார்தான். ஏற்கெனவே நோய் இருக்கிறது என்று சொல்லி யாரையும் ஒதுக்கக்கூடாது என்பது அரசின் விதி. ஒரே நாட்டில், ஒரே துறையில் மூன்று ஏற்பாடுகள். எல்லோருக்கும் மெடிகேர் என்று சாண்டர்ஸ் கேட்பது இரண்டாவது ஏற்பாட்டின் விரிவாக்கம்தான். மருத்துவமனைகளை அரசுடைமையாக்கும் திட்டம் அதில் கிடையாது. இதைப் பிரித்துப் பார்க்காமல் 'சோசலிச மருத்துவம்' என்று கட்டுரை எழுதும் மாணவர்தான் முதல் பருவத்திலேயே மதிப்பெண்ணைக் கோட்டைவிடுகிறார்.

நியூயார்க் மேயர் ஸோரான் மம்தானியின் வாக்குறுதிகளையும் இதே மூன்று கேள்விகளில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நகராட்சியே மளிகைக் கடை நடத்துவது சொத்துக் கேள்வி. வாடகை உயர்வை நிறுத்துவது விதி. அதுவும் வாடகைக் கட்டுப்பாட்டில் உள்ள சுமார் 10 லட்சம் வீடுகளுக்குத்தான் பொருந்தும், முடிவெடுப்பது மேயர் நியமிக்கும் ஒன்பது பேர் வாரியம். இலவச பஸ் பணக் கேள்வி. பஸ்ஸை ஓட்டுவது மாநில அரசின் கீழுள்ள போக்குவரத்து ஆணையம் என்பதால் மேயர் தனியாகக் கையெழுத்துப் போட்டு அதைச் செய்ய முடியாது.

கட்சி பார்த்தும் இதை ஊகிக்க முடியாது. குடியரசுக் கட்சியின் கோட்டையான நெப்ராஸ்காவில் வீட்டுக்கு மின்சாரம் தருவது பொது நிறுவனங்களும் கூட்டுறவுகளும்தான். அதே கட்சியின் வடக்கு டகோடாவில் 1919 முதல் மாநில அரசுக்கே சொந்தமாக ஒரு வங்கி இருக்கிறது.

இனி அந்த எண். ஒவ்வொரு பட்டத்துக்கும் அமெரிக்கக் கல்வித்துறை ஒரு குறியீடு வைத்திருக்கிறது. பொதுப் பொருளாதாரம் 45.0601. பொருளாதார அளவையியலும் (எகனாமெட்ரிக்ஸ்) கணிதவழிப் பொருளாதாரமும் 45.0603. அரசியல் அறிவியல் 45.1001. இவற்றில் 45.0603 மட்டுமே அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதப் படிப்புகளுக்கான ஸ்டெம் பட்டியலில் உண்டு. படிப்பு முடிந்ததும் எல்லோருக்கும் 12 மாதம் வேலை அனுமதி கிடைக்கும். ஸ்டெம் குறியீடு இருந்தால் மேலும் 24 மாதம். அதற்குப் பிறகும் அங்கே வேலை பார்க்கத் தேவையான எச்-1பி வேலை விசாவுக்கு ஆண்டுக்கு 65,000 இடம், அமெரிக்க முதுநிலைப் பட்டதாரிகளுக்குக் கூடுதலாக 20,000. போட்டி கடுமை. ஓராண்டு அனுமதியில் ஓரிரு முறைதான் முயலலாம், மூன்றாண்டு இருந்தால் அதிக முறை. ஒரே துறை, ஒரே வகுப்பறை, ஏறக்குறைய ஒரே பாடங்கள். குறியீட்டில் கடைசி இலக்கம் மாறினால் இரண்டு ஆண்டுகள் கூடுகின்றன அல்லது குறைகின்றன. படிக்கும்போது பிரிவு மாறலாம். பட்டம் வாங்கியபின் மாற்ற வழியில்லை.

45.0603க்குக் கணிதம் தேவை. கால்குலஸ், நேரியல் இயற்கணிதம், புள்ளியியல், இடைநிலை நுண்பொருளாதாரம், பொருளாதார அளவையியல் ஆகியவற்றை மூன்றாம் ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். கூடவே ஆர் அல்லது ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருள். விருப்பப் பாடத்தில் தொழில்துறை அமைப்பியலையும் பொது நிதியியலையும் விட வேண்டாம். கடிவாளம் எங்கே இறுக்கப்படுகிறது என்பதைக் கற்பிப்பவை அவை. பிளஸ் டூ கணிதத்திலேயே தடுமாறியவள் என்றால் இப்போதே யோசிப்பது நல்லது.

வேலை எங்கே? பலர் நினைப்பதுபோல் வாஷிங்டன் அரசு அலுவலகங்களில் இல்லை. 1976இல் வந்த அதிபர் ஆணைப்படி மத்திய அரசின் போட்டிப் பணிகள் அமெரிக்கக் குடிமக்களுக்கே. அதற்கு எதிர்ப்பக்கத்தில்தான் கதவு திறந்திருக்கிறது. நிறுவன இணைப்பு வழக்குகளுக்குக் கணக்குப் போடும் பொருளாதார ஆலோசனை நிறுவனங்கள், வங்கிகளின் விதிப் பின்பற்றல் பிரிவுகள், மின் நிறுவனங்களின் கட்டண நிர்ணயப் பிரிவுகள். அரசு வழக்குப் போட்டாலும் நிறுவனம் எதிர்வழக்காடினாலும் இரண்டு தரப்புக்கும் ஆள் வேண்டும். ஆனால் ஆட்சி மாறினால் தேவையும் மாறும். 2010இல் வந்த நிதித்துறைச் சீர்திருத்தச் சட்டத்தால் உருவான நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பின் பெரும்பகுதி ஊழியர்களை 2025இல் நிர்வாகம் நீக்க முயன்று, விவகாரம் நீதிமன்றம் போனது. ஒரே ஒரு விதியை நம்பித் திறமையை வளர்க்கக்கூடாது.

கொள்கை ஆய்வு மையங்களும் தொண்டு அமைப்புகளும் உங்கள் மகளை ஈர்க்கும். அங்கே ஒரு பொறி உண்டு: ஸ்டெம் நீட்டிப்புக்கு, வேலை தரும் நிறுவனம் ஊழியரின் வேலைத் தகுதியைச் சரிபார்க்கும் அரசின் இ-வெரிஃபை முறையில் பதிவு செய்திருக்க வேண்டும், ஐ-983 பயிற்சித் திட்டத்தில் கையெழுத்திட வேண்டும். சிறிய அமைப்புகள் பல இதைச் செய்வதில்லை. நேர்காணலிலேயே கேட்டுவிடட்டும். பல்கலைக்கழகங்களுக்கும் சில லாபநோக்கற்ற ஆய்வு நிறுவனங்களுக்கும் எச்-1பி எண்ணிக்கை வரம்பு கிடையாது என்பது இதில் ஒரு நல்ல செய்தி. முதல் 12 மாத அனுமதியில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையின்றி இருக்கக்கூடாது.

இனி அரசியல். வகுப்பில் எதையும் வாதாடலாம். தேர்தல் பிரசாரத்தில் சம்பளமில்லாத் தொண்டராக வீடு வீடாகப் போகலாம். வேட்பாளருக்கு ஒரு டாலர்கூட நன்கொடை தரக்கூடாது. மாணவ விசாவில் இருப்பவர் தருவது சட்டவிரோதம். ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போது வாக்காளராகப் பதிவு செய்யவா என்று கேட்பார்கள், அதில் 'ஆம்' போட்டுவிட்டால் குடிமகள் என்று பொய் சொன்னதாகிவிடும். பின்னாளில் கிரீன் கார்டையே கெடுக்கும் தவறு அது. விசா விண்ணப்பத்தில் ஐந்தாண்டுச் சமூக ஊடகக் கணக்குகளைக் கேட்கிறார்கள், 2025 முதல் மாணவர்கள் அவற்றைப் பொதுப்பார்வைக்கு வைக்கவும் சொல்கிறார்கள். எதையும் மறைக்க வேண்டாம். 2025இல் போராட்டங்களில் கலந்துகொண்ட வெளிநாட்டு மாணவர்கள் சிலரின் விசா ரத்தானது என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கட்டும்.

கம்யூனிஸ்ட் கட்சியிலோ அதைச் சார்ந்த அமைப்பிலோ அவள் உறுப்பினராக இருந்திருந்தால் தனியாகக் கவனியுங்கள். மாணவ விசாவுக்கு அது தடை இல்லை. கிரீன் கார்டு விண்ணப்பத்தில் இந்தக் கேள்வி நேராகவே வரும். 16 வயதுக்கு முன் மட்டும் உறுப்பினராக இருந்தவர்களுக்கும், விலகிக் குறைந்தது இரண்டு ஆண்டு ஆனவர்களுக்கும் விலக்குகள் உண்டு. இந்திய மாணவர் சங்கங்கள் இதில் எப்படிப் பார்க்கப்படும் என்பதைக் குடியேற்ற வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும்.

முன்பணம் கட்டுவதற்கு முன், பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடச் சொல்லுங்கள். பட்டத்தின் குறியீடு என்ன, 45.0603 இல்லையென்றால் அதற்கு மாற எந்தப் பாடங்கள், எந்தப் பருவத்துக்குள், குறைந்தபட்ச மதிப்பெண் எவ்வளவு என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி ஐ-20 வந்ததும் ஒப்பிட்டுப் பாருங்கள்.