பியானோ குவார்ட்டெட்டில் பாட்டு எங்கே ஒளிந்திருக்கிறது?

கேள்வி: டப்ளினில் இருக்கிறோம். என் மகள் அடுத்த ஜூனில் லீவிங் செர்ட், அதாவது அயர்லாந்தின் பள்ளி இறுதித் தேர்வு எழுதுகிறாள். இசையும் ஒரு பாடம். மொசார்ட் பரவாயில்லை, 'போஹீமியன் ராப்சடி' அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஜெரால்ட் பாரி என்பவரின் 'பியானோ குவார்ட்டெட் நம்பர் 1' மட்டும் ஓடினால், நாலு பேர் ஒரே நேரத்தில் சண்டை போடுவதுபோல் இருக்கிறது. சின்ன வயதில் ஏழெட்டு வருஷம் கர்நாடக சங்கீதம் கற்றவள் நான். எனக்கே சுருதியும் பிடிபடவில்லை, தாளமும் பிடிபடவில்லை. யார் இந்த மனிதர்? இதை எப்படிப் படிக்க வைப்பது? போதாததற்கு, தானும் இசையமைப்பாளர் ஆகப்போகிறேன் என்கிறாள். அதில் பிழைப்பு நடக்குமா?

பதில்: சண்டை என்றீர்களே, உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. அந்தச் சத்தத்துக்குள் உண்மையாகவே ஒரு சண்டைப் பாட்டு புதைந்து கிடக்கிறது.

டர்லோ ஓ'காரலன் என்று ஒரு ஹார்ப் கலைஞர் அயர்லாந்தில் இருந்தார். 1670-ல் பிறந்து 1738-ல் இறந்தவர். பதினெட்டு வயதில் பெரியம்மை கண்ணைக் கொண்டுபோய்விட்டது. அதன்பிறகு ஹார்ப் கற்று, குதிரையேறி ஊர் ஊராக, பண்ணை வீடு வீடாகப் போய் வாசித்துப் பிழைத்தவர். அவருடைய முதல் பாட்டு என்று சொல்லப்படுவது 'ஷீ வெக், ஷீ வோர்'. சின்ன மோகினிக்குன்று, பெரிய மோகினிக்குன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு குன்றுகளிலும் குடியிருந்த மோகினிக் கூட்டங்கள் ஒன்றோடொன்று போர் தொடுத்த கதை அது. ஆனால் மெட்டு இருக்கிறதே, தாலாட்டு மாதிரி இருக்கும். மூன்று எண்ணிக்கையில் மெல்ல ஆடி ஆடிப் போகும். டப்ளினில் எந்தப் பப்பிலும் ஃபிடில்காரர் ஒருவரைக் கேட்டால் உடனே வாசித்துக் காட்டுவார்.

1992-ல் இந்தக் குவார்ட்டெட்டை எழுதியபோது, பாரி அந்த மெட்டைத்தான் எடுத்துக்கொண்டார். எடுத்ததை அடையாளம் தெரியாமல் ஆக்கிவிட்டார். சுரங்களின் கால அளவை மாற்றினார், மூன்று எண்ணிக்கையைக் கலைத்தார், வேகத்தைக் கூட்டினார். பிறகு வயலின், வியோலா, செல்லோ, பியானோ என்ற நாலு பேரையும் அதன்மேல் கேனன் முறையில் ஏவிவிட்டார். ஒருவர் தொடங்கிய வரியை இன்னொருவர் சற்றுத் தாமதித்து, அப்படியே எடுத்துக்கொண்டு பின்னால் ஓடி வருவதுதான் கேனன். பள்ளிக் குழந்தைகள் அணியணியாகப் பிரிந்து 'ஃப்ரேர் ஜாக்' பாடுவார்களே, அதே வித்தைதான். அங்கே இனிப்பாக இருப்பது இங்கே துரத்தலாக ஆகிவிடுகிறது, அவ்வளவே. இந்தப் படைப்பில் வேறு பழைய மெட்டுகளும் உண்டு. ஒரு பகுதி முடிந்ததா என்று யோசிப்பதற்குள் வேறொன்று நறுக்கென்று தொடங்கிவிடும். நடுவில் பாலம் போட்டு அழைத்துப் போகும் வழக்கமே அவருக்கு இல்லை.

ஆகவே முதல் வேலை, இந்தக் குவார்ட்டெட்டை ஒரு வாரம் மூடி வையுங்கள். மகளை 'ஷீ வெக், ஷீ வோர்' பாட்டைப் பியானோவில் வாசிக்கச் சொல்லுங்கள். நீங்களும் சுரம் பிடித்துப் பாடிப் பாருங்கள், உங்களுக்குக் கஷ்டமே இருக்காது. வாய் தானாக முணுமுணுக்கும் அளவுக்கு ஊறிய பிறகு ஸ்கோரை, அதாவது எல்லா வாத்தியங்களின் சுரங்களும் எழுதிய தாளைத் திறக்கலாம். முதல் பகுதியைப் பெரிய தாளில் நகலெடுத்து, வாத்தியத்துக்கு ஒரு வண்ணப் பென்சில் கொடுங்கள். முதலில் எந்தக் குரல் நுழைகிறது என்று பார்த்து, அந்த வரியைச் சிவப்பால் கோடிடட்டும். அதே வரி அடுத்து எந்த வாத்தியத்தில், எத்தனை பீட் தள்ளி வருகிறது என்று தேடி நீலம் அடிக்கட்டும். அரை மணி நேரத்தில் அந்தத் தாளில் சிவப்பை நீலம் துரத்துவது கண்ணுக்கே தெரியும். கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் காது ஒத்துக்கொள்ளும். இந்த ஒரு படைப்பைப் பொறுத்தவரை நான் அப்படித்தான் சொல்வேன். மொசார்ட்டுக்கு இது தேவையே இல்லை.

தாளம் பிடிபடவில்லை என்றீர்கள். பிடிபடாதுதான். மீட்டர், அதாவது தாளக்கட்டு, மாறிக்கொண்டே இருக்கிறது. ஒரே ஆவர்த்தனத்தில் கையை வைத்துக்கொண்டு தேடினால் கை வலிக்கும், தாளம் கிடைக்காது. சின்ன அலகை மட்டும் சீராகத் தட்டிக்கொண்டு, எங்கே இரண்டாகவும் எங்கே மூன்றாகவும் கூட்டு சேர்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

மதிப்பெண் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கேட்டல் தாளுக்கு மொத்தம் 100. அதில் நாலு பாடப் படைப்புகளுக்கும் சேர்த்து 55: ஒன்றுக்கு 25, மற்ற மூன்றுக்கும் தலா 10. ஐரிஷ் இசைக்கு 25, செவித்திறனுக்கு 20. 25 மதிப்பெண் கேள்வியாகப் பாரி வந்து உட்காரவும் வாய்ப்பு உண்டு என்பதால் தள்ளிவிட முடியாது. ஓ'காரலனைப் படிப்பது அந்த ஐரிஷ் இசைக் கேள்விக்கும் உதவும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். பாரியின் வாழ்க்கை வரலாற்றை நெட்டுரு போட வேண்டாம். எந்த வாத்தியம், என்ன உத்தி, எந்த மெட்டு, என்ன மாற்றம் என்றுதான் கேள்வி வரும்.

ஆனால் வரலாறு தெரிந்தால் இசை கொஞ்சம் இளகும். ஜெரால்ட் பாரி 1952-ல் கிளேர் மாவட்டத்தில், கிளேர்காசில் பக்கம் பிறந்தவர். சங்கீதச் சூழல் என்று பெரிதாக ஒன்றும் இல்லாத கிராமத்துப் பிள்ளைக்கு வானொலி ஒரு பாட்டைக் கொண்டுவந்து போட்டது: பதினெட்டாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் ஹாண்டலின் ஓபராவிலிருந்து, அதாவது பாட்டாலேயே நடக்கும் நாடகத்திலிருந்து, ஒரு பெண் பாடிய பாட்டு. மின்னல் அடித்ததுபோல் இருந்தது, இசை என்பதையே அப்போதுதான் கண்டுகொண்டேன் என்ற பொருளில் அவரே சொல்லியிருக்கிறார். டப்ளின் யூனிவர்சிட்டி காலேஜில் படித்துவிட்டு ஆம்ஸ்டர்டாம் போனார். பிறகு இசையமைப்பாளர்களிடம் பாடம்: கொலோனில் ஸ்டாக்ஹவுசனிடமும் மவுரிசியோ காகலிடமும், வியன்னாவில் ஃப்ரீட்ரிக் செர்ஹாவிடமும். இவர்களில் காகலின் சாயல்தான் எனக்குத் தூக்கலாகத் தெரிகிறது. மேடையில் இசைக்கலைஞர்களை நாடகக்காரர்களாக்கிக் குறும்பு செய்தவர் அவர்.

ஹாண்டலோ, பாரியை விடவே இல்லை. பாரியின் முதல் ஓபரா 'தி இன்டெலிஜன்ஸ் பார்க்' ஹாண்டலின் காலத்திலேயே, 1753-ஆம் ஆண்டு டப்ளினில் நடக்கிறது. ஓபரா எழுத முடியாமல் தவிக்கும் ஒரு இசையமைப்பாளர், காஸ்ட்ராட்டோ பாடகர்மேல், அதாவது குரல் உடையாமலிருக்கச் சிறுவயதிலேயே விரை நீக்கப்பட்ட ஆண் பாடகர்மேல், காதல் கொள்கிறார். 1990-ல் லண்டன் அல்மெய்டா விழாவில் அரங்கேறி, 2019-ல் ராயல் ஓபரா ஹவுஸின் லின்பரி அரங்குக்குத் திரும்பி வந்தது. இரண்டாவது ஓபரா, ஹாண்டலின் ஓரட்டோரியோ (நடிப்பில்லாமல் பாடும் நீண்ட கதைப்பாட்டு) ஒன்றைத் திருகி, பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சிக்காக எழுதியது. அதன் பெயர் 'தி ட்ரையம்ஃப் ஆஃப் பியூட்டி அண்ட் டிசீட்'.

உங்கள் மகளுக்குப் பாரிமேல் ஆசை வரவேண்டும் என்றால் குவார்ட்டெட்டோடு நிறுத்த வேண்டாம். டப்ளின்காரரான ஆஸ்கர் வைல்டின் 'தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்' நாடகத்தை ஓபராவாக்கினார். வசனத்தில் பெரும்பகுதியை வெட்டிப் போட்டுவிட்டார். லேடி பிராக்னெல் என்ற மிடுக்கான சீமாட்டி வேஷம் கட்டையான ஆண்குரலுக்கு. இரண்டு இளம்பெண்கள் தேநீர் வேளையில் மோதிக்கொள்ளும் இடத்தில் ஆளுக்கொரு மெகாஃபோன். அவர்கள் வாயாடும்போது நாற்பது பீங்கான் தட்டுகள் தாளக்கணக்கோடு உடைபடும். எந்தத் தட்டு எந்த இடத்தில் உடைய வேண்டும் என்று ஸ்கோரிலேயே இருக்கிறது. 2011-ல் லாஸ் ஏஞ்சலஸில் தாமஸ் அடெஸ் நடத்திய கச்சேரி வடிவத்தில் முதலில் ஒலித்தது. 2013-ல் பிரான்சின் நான்சி நகரில் மேடையேறியது. இதைக் கேட்டுச் சிரித்த பிள்ளைக்குக் குவார்ட்டெட்டின் முரட்டுத்தனமும் ஒருவகை நகைச்சுவை என்று விளங்கும்.

இனி, பிழைப்பு. 'எர்னஸ்ட்' வந்தபோது பாரிக்கு அறுபதை நெருங்கும் வயது. இதிலேயே உங்கள் கேள்விக்குப் பாதி பதில் இருக்கிறது. 1982 முதல் 1986 வரை கார்க் யூனிவர்சிட்டி காலேஜில் ஆசிரியர் வேலை பார்த்தார். அப்புறம் வாழ்க்கை பெரும்பாலும் கமிஷனில், அதாவது பணம் கொடுத்து எழுதச் சொல்லும் படைப்புகளில், ஓடியது. பிபிசியின் ப்ராம்ஸ் விழாவுக்கு 1988-ல் ஓர் ஆர்க்கெஸ்ட்ரா படைப்பு, சேனல் 4-க்கு ஓபரா என்று, கேட்டவர்களுக்கு எழுதிக் கொடுத்தது. அயர்லாந்தில் ஆஸ்டானா என்ற கலைஞர்கள் அமைப்பும் இருக்கிறது. 1981-ல் தொடங்கியது, பாரியும் உறுப்பினர். முழுநேரமாகக் கலையையே நம்பியிருந்து, வருமானம் ஒரு வரம்புக்குள் இருக்கும் உறுப்பினர்களுக்கு 'க்னுவாஸ்' என்ற உதவித்தொகை உண்டு. ஆனால் அதில் விண்ணப்பித்துச் சேர முடியாது. ஏற்கெனவே உள்ள உறுப்பினர்கள் முன்மொழிந்து தேர்ந்தெடுக்க வேண்டும். இருபது வயதுப் பிள்ளை அதை நம்பித் திட்டம் போட முடியாது.

ஆகவே இசையமைப்பைப் படிக்கட்டும், கூடவே கற்பிப்பதற்கோ ஒலிப்பதிவுக்கோ தகுதி ஒன்றும் கையில் இருக்கட்டும். இது என் சொந்த அபிப்பிராயம். மறுக்கும் இசையமைப்பாளர்களும் இருக்கிறார்கள், அவர்களில் சிலர் நன்றாகவே வாழ்கிறார்கள்.

ஒரு சனிக்கிழமை மகளோடு ஃபிஷாம்பிள் தெருவுக்குப் போய்விட்டு வாருங்கள். 1742 ஏப்ரலில் ஹாண்டலின் 'மெசையா' முதன்முதலில் ஒலித்தது அந்தத் தெருவில்தான். இன்றைய ஐரிஷ் இசையமைப்பாளர்களின் ஸ்கோர்களையும் ஒலிப்பதிவுகளையும் திரட்டி வைக்கும் சமகால இசை மையமும் அதே தெருவில்தான் இருக்கிறது. போவதற்குமுன் நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். வண்ணம் அடித்த அந்த நகல் தாளையும் எடுத்துப் போகச் சொல்லுங்கள். எந்தக் குரலைத் தவறவிட்டாள் என்பதை முழு ஸ்கோரோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.