டொக்டர் படிப்பா, ஸ்பெயின் பயிற்சிப் பள்ளியா: பாசல் பெற்றோருக்கு ஒரு பதில்

சுவிஸின் பாசலிலிருந்து ஒரு குடும்பம் என்னைத் தேடி வந்தது. மகனுக்குப் பதினைந்து வயது, உதைபந்தாட்டக் கழகமொன்றின் இளையோர் அணியில் ஆடுகிறான். லண்டனிலிருக்கும் பெரியப்பா, "பந்தை விடச் சொல்லுங்கோ, கிம்நாசியம் (பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் உயர்பள்ளி) போய் டொக்டருக்குப் படிக்கட்டும்" என்று கிழமைக்கு ஒரு தரம் போன் எடுக்கிறாராம். இன்னொரு பக்கம் ஒரு முகவர். ஸ்பெயினில் ஒரு தனியார் பயிற்சிப் பள்ளியில் காசு கட்டிச் சேர்த்தால் ஐரோப்பியக் கழகங்களின் இளையோர் போட்டியான யூஃபா இளையோர் லீக்கில் ஆடலாம் என்று ஆசை காட்டியிருக்கிறார். சீட்டை எடுத்துக் கட்டலாமா என்று அப்பா கேட்டார். அம்மா அழுதுகொண்டிருந்தார். தண்ணீர் கொடுத்தேன், பிள்ளை கெட்டுப்போகவில்லை என்று சொன்னேன். அதற்கு மேல் ஆறுதல் சொல்ல எனக்கு மனமில்லை. இரண்டு யோசனையுமே பிழை.

முதலில் முகவர். அந்த லீக்கில் கழகங்களின் 19 வயதுக்குட்பட்ட அணிகள்தான் ஆடுகின்றன. 2013-14இல் நடந்த முதல் பருவத்தில், பெரியவர்களின் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் குழுநிலைக்குத் தகுதிபெற்ற 32 கழகங்களின் இளையோர் அணிகள் மட்டும் ஆடின. பிறகு உள்நாட்டு இளையோர் சாம்பியன்களுக்கும் இடம் கிடைத்தது. கட்டணம் வாங்கும் பள்ளிக்கு அங்கே வாசலே இல்லை. போதாததற்கு, 18 வயதுக்கு முன் வீரர்கள் நாடு விட்டு நாடு மாறுவதை ஃபிஃபா விதி பொதுவாகவே தடுக்கிறது, சில விலக்குகள்தான் உண்டு. சீட்டுக்காசில் ஒரு பிராங்க்கூட அங்கே போகக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அந்த முதல் பருவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2014 ஏப்ரல் 14, நியோன் நகரில் இறுதியாட்டம். பார்சிலோனா 3-0 என்று பென்ஃபிக்காவை வென்றது. முனீர் எல் ஹதாதி இரண்டு கோல் போட்டார், ஒன்று மைதானத்தின் நடுப்பகுதியிலிருந்து அடித்தது. அந்தப் பருவத்தில் அதிக கோல் போட்டவரும் அவரே, மொத்தம் 11. அதே ஆண்டு செப்டம்பரில் ஸ்பெயின் தேசிய அணியில் இறங்கினார். ஆனால் பார்சிலோனாவில் அவருக்கு நிலையான இடம் கிடைக்கவில்லை, கழகம் கழகமாக மாறினார். அவரோடு ஆடிய அடாமா ட்ராவோரேயும் இங்கிலாந்துக்குப் போய்த்தான் பெயரெடுத்தார். ஐரோப்பாவின் முதலிடத்து அணிக்கே இந்த நிலை என்றால், எந்தப் பிள்ளையின் கையிலும் இன்னொரு தொழில் இருக்க வேண்டும்.

அதற்காகப் பெரியப்பா சொல்வதையும் நான் ஏற்கவில்லை. கிம்நாசியம் முடித்தால் மருத்துவம் தானாகக் கிடைக்காது. பாசல், பேர்ன், சூரிச்சில் அதற்குத் தனித் தெரிவுத் தேர்வு உண்டு. பையனிடம் கேட்டால் உயிரியல் பிடிக்காது என்று முகத்துக்கு நேரே சொல்கிறான். தன் போனில் ஓர் எக்செல் தாளைத் திறந்து காட்டினான். அணிப் பெடியளின் பயிற்சி வரவு, ஓட்ட நேரம் எல்லாம் நிறம் பிரித்து, சராசரி போட்டு வைத்திருக்கிறான். யாரும் சொல்லிச் செய்ததில்லை. இந்தப் பிள்ளையை ஏன் டொக்டராக்கப் பார்க்கிறீர்கள்?

அவனுக்கு நான் சொல்வது, விளையாட்டு வீரர்களுக்கான வணிகத் தொழிற்பயிற்சி, காஃபாவ் லேரே. நிறுவனமொன்றில் வேலை பழகிக்கொண்டே தொழிற்பள்ளிக்கும் போவதுதான் லேரே. "லேரேயா?" என்று அம்மாவின் முகம் சுருங்கியது. எங்கள் சனத்தில் பலருக்கு அது படிப்பு வராத பிள்ளைக்கான இடம். சுவிஸில் இளையோரில் ஏறத்தாழ மூன்றில் இருவர் தொழிற்கல்வி வழியாகத்தான் போகிறார்கள். யூபிஎஸ் வங்கியின் தலைமை நிர்வாகி செர்ஜியோ எர்மோட்டி லுகானோவில் ஒரு வங்கியில் லேரே செய்து தொடங்கியவர். பெரியப்பாவுக்கு இதைச் சொல்லுங்கள்.

வழமையாக மூன்று வருடம். விளையாட்டு வீரர்களுக்குப் பெரும்பாலும் நான்காக நீட்டிக் கொடுப்பார்கள், பயிற்சிக்கும் ஆட்டங்களுக்கும் நேரம் விடுவார்கள். இப்படி இடம் கொடுக்கும் நிறுவனங்களுக்கு சுவிஸ் ஒலிம்பிக் அமைப்பு தனி முத்திரை வழங்குகிறது. அந்த நேரம் எவ்வளவு பெறுமதி என்பதற்கும் 2013-14ஐப் பாருங்கள். இளையோர் லீக்கில் பாசல் அணி செல்சி, ஷால்க்க, ஸ்டெயாவா இருந்த குழுவில் விழுந்தது. ஆறு ஆட்டங்களில் மூன்று இங்கிலாந்து, ஜெர்மனி, ருமேனியாவில். சாம்பியன்ஸ் லீக் நாட்களை ஒட்டி, வேலைநாட்களில். சாதாரண வகுப்பறையில் இத்தனை நாள் விட்டால் எப்படிப் பிடிப்பது?

மாதாமாதம் சம்பளம் வரும், தொழிற்பள்ளிக்குக் கட்டணம் இல்லை. பயிற்சியோடு அல்லது முடித்த பின் பெருஃப்ஸ்மத்தூரா என்ற தொழில்சார் உயர்தரச் சான்றிதழ் எடுத்தால் தொழில்சார் உயர்கல்லூரிக்குப் போகலாம். பிறகு பாசெரெல் என்ற கூடுதல் தேர்வு எழுதினால் பல்கலைக்கழகமும் திறக்கும். ஒப்பந்தத்தில் நிறுவனமும் பிள்ளையும் பெற்றோரும் கையெழுத்திடுவார்கள், மாநிலம் அதை அங்கீகரிக்கும். முழங்கால் போய்ப் பந்து நின்றாலும் அந்த ஒப்பந்தம் நிற்காது.

இடங்கள் குறைவு, ஓகஸ்ட் தொடக்கத்துக்கு ஒரு வருடம் முன்பே தேட வேண்டும். இந்தக் கிழமையே பிட்ஸ் என்ற தொழில் ஆலோசனை நிலையத்தில் நேரம் எடுங்கள். திறமையான இளம் வீரர்களுக்குக் கொடுக்கும் சுவிஸ் ஒலிம்பிக் டேலண்ட் கார்ட் பற்றிப் பயிற்றுநரிடம் கேளுங்கள். இரண்டு மூன்று நிறுவனங்களில் அவன் ஷ்னுப்பர்ன், அதாவது சில நாள் வேலை பழகிப் பார்க்க, போய்ப் பார்க்கட்டும். விண்ணப்பக் கடிதத்தை அவனே எழுத வேண்டும், அந்த எக்செல் தாளையும் கூடவே இணைக்கட்டும்.